ரப்பரால் அழிக்க முடியாத ஓவியம்



தீபாவளி ராத்திரியில் கம்பி மத்தாப்பைக் கையில் பிடித்துச் சுற்றாதவர்கள் நம்மில் யாராவது உண்டா? வட்டமாகச் சுற்றினால் வட்டம் தெரியும். எட்டுப் போட்டால் எட்டு தெரியும். அடுத்து எல்லாரும் செய்கிற வேலை, சொந்தப் பேரை எழுதிப் பார்ப்பது. அங்கேதான் தகராறு. கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து காணாமல் போயிருக்கும்! கார்த்திகைக்கு மாவளி சுற்றுகிற ஊர்க்காரர்களுக்கும் இது தெரியும். பனம்பூக் கரியை இடித்துத் துணியில் பொட்டலம் கட்டி, பனைமட்டைக்கு நடுவில் வைத்து, நெருப்பு மூட்டிச் சுற்றினால் பொறிகள் பெரிய வட்டமாகப் பறக்கும். கையை நிறுத்தினால் வட்டமும் போச்சு.

உண்மையில் காற்றில் வட்டம் எதுவும் இல்லை. ஒரு நெருப்புப் புள்ளிதான் இருக்கிறது. அது முன்பு இருந்த இடத்தை நம் கண் ஒரு நொடியின் சின்னப் பங்கு நேரத்துக்கு மறக்காமல் வைத்திருப்பதால் புள்ளி கோடாகத் தெரிகிறது. பார்வை நிலைப்பு என்று நாம் படித்ததுதான். ஆனால் கண்ணுக்கு ஞாபகம் ரொம்பக் கம்மி. பேர் முழுசாகத் தெரியணும்னா கண்ணைவிட ஞாபகம் உள்ள ஒன்று வேண்டும். அதற்குத்தான் கேமரா. இருட்டான இடத்தில் கேமராவின் ஷட்டரைத் திறந்தே வைத்துவிட்டு, அதற்கு முன்னால் விளக்கால் வரைவதற்குப் பெயர் லைட் பெயின்டிங். தமிழில் ஒளி ஓவியம் என்று சொல்லலாம். (சினிமா டைட்டிலில் ஒளிப்பதிவாளருக்கு 'ஒளி ஓவியம்' என்று போடுவார்களே, அது வேறு. இது நிஜமாகவே விளக்கைப் பிடித்து வரைவது.)

இந்தக் கலையில் கெட்டிக்காரர்கள் பல பேர் உண்டு. எல்லாரையும் எழுதினால் இந்தச் சார்ட் பத்தாது. ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அவர் பேர்தான் பலருக்கும் தெரியாது. ஜோன் மிலி!

ஜோன் மிலி 1904-ல் அல்பேனியாவில் கோர்ச்சா என்ற ஊரில் பிறந்தவர். 1923-ல் அமெரிக்காவுக்குப் போனார். எம்.ஐ.டி.யில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்து 1927-ல் முடித்தார். (எம்.ஐ.டி. என்றதும் நம்ம குரோம்பேட்டை என்று நினைத்துவிடாதீர்கள். இது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருப்பது.) பிறகு வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் விளக்குகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற வேலை. 1938 வரை அதே வேலைதான். அப்போது அவருக்கு வயது 33, 34 இருக்கும். யாரும் அவரை ஓவியர் என்றோ கலைஞர் என்றோ சொல்லியிருக்க மாட்டார்கள். போட்டோ எடுப்பதை எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை, தானாகக் கற்றுக்கொண்டது.

எம்.ஐ.டி.யில் ஹரால்ட் எட்ஜர்ட்டன் என்ற பேராசிரியர் இருந்தார். ஒரு நொடியைப் பல ஆயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரம் மட்டுமே மின்னி அணைகிற ஃபிளாஷ் விளக்கைக் கொண்டு, ஒரு பால் துளி விழுந்து கிரீடம் போலத் தெறிப்பதைப் படம் எடுத்தவர் இவர்தான். மிலி அவரோடு சேர்ந்து வேலை செய்தார். ஆய்வகத்தில் எட்ஜர்ட்டன் பயன்படுத்திய விளக்கை மிலி நடனக்காரர்கள், பாட்டுக்காரர்கள், விளையாட்டு வீரர்கள் பக்கம் கொண்டுபோனார். 1939-லிருந்து 'லைஃப்' பத்திரிகைக்குப் படம் எடுக்க ஆரம்பித்தார். 1984-ல் இறக்கும்வரை, 40 வருஷத்துக்கு மேல், அதுதான் வாழ்க்கை.

இப்போது 1949-க்கு வருவோம். பிரான்ஸ் நாட்டின் தெற்கே வல்லோரிஸ் என்று ஓர் ஊர். மண்பாண்டத்துக்குப் பேர் போன ஊர். ஓவியர் பிக்காசோ அங்கே தங்கிக் களிமண்ணில் ஜாடியும் தட்டும் செய்துகொண்டிருந்த காலம். அவருக்கு வயது 68-ஐத் தொடும் நேரம். உலகமே கொண்டாடுகிற ஆள். அவரைப் படம் எடுக்க 'லைஃப்' பத்திரிகைக்காக மிலி போனார். கூடவே தான் முன்பு எடுத்த சில படங்களையும் கொண்டுபோனார். பனிச்சறுக்கு ஆடுகிறவர்களின் காலணியில் குட்டி விளக்குகளைக் கட்டி, இருட்டில் குதிக்கச் சொல்லி எடுத்த படங்கள் அவை. கால் போன வழியெல்லாம் வெள்ளைக் கோடு சுருள் சுருளாக இருக்கும்.

பிக்காசோவுக்கு ஆசை வந்துவிட்டது. இருந்தாலும் பெரிய மனுஷர் இல்லையா, ஒரே ஒரு சோதனைக்கு 15 நிமிஷம்தான் தருவேன் என்றாராம். அந்த முதல் படத்தின் முடிவைப் பார்த்த பிறகு கதை மாறிவிட்டது. ஐந்து தடவை உட்கார்ந்தார்கள். காளை, கிரேக்க முகங்கள், பாதி மனிதனும் பாதி குதிரையுமான சென்டார், தன்னுடைய கையெழுத்து என்று 30 படங்களைப் பிக்காசோ வெறும் காற்றில் வரைந்தார். பேனா ஒரு சின்ன மின்விளக்கு. காகிதம் இருட்டு. அந்தப் படங்கள் 1950 ஜனவரியில் 'லைஃப்' இதழில் வந்தன. இன்றைக்கும் ஒளி ஓவியம் என்று யார் பேச்சை எடுத்தாலும் முதலில் காட்டுவது அந்தச் சென்டார் படத்தைத்தான்.

இந்த விஷயத்தை வகுப்பில் சொன்னபோது பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "வரைஞ்சது பிக்காசோ. இவர் சும்மா பட்டனை அழுத்தினாரு. இதுல என்னடா பெருமை?"

கேள்வி நியாயமானதுதான். புத்தகங்களில்கூடப் பல பேர் 'பிக்காசோவின் ஒளி ஓவியங்கள்' என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த அறையில் என்னென்ன நடந்திருக்கும் என்று கொஞ்சம் யோசித்தால் இந்தப் பட்டன் கதை நிற்காது.

முதலில், ஃபிலிம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கணும். ஃபிலிம் என்பது கூட்டல் மட்டும் தெரிந்த பையன். கழித்தல் தெரியாது. ஒளி வந்து விழுந்தால் சேர்த்துக்கொண்டே போகும். இருட்டு வந்தால் பூஜ்யத்தைக் கூட்டிய மாதிரி, ஒன்றும் ஆகாது. அதனால்தான் ஷட்டர் திறந்திருக்கும்போது விளக்கு போன பாதை மட்டும் பதிகிறது, விளக்கைப் பிடித்த ஆள் பதிவதில்லை. ஆள் மேலிருந்து கேமராவுக்கு வருகிற ஒளி அவ்வளவு குறைவு. அதே காரணத்தால்தான் இதில் ரப்பருக்கு இடமே இல்லை. கோணலாக ஒரு கோடு விழுந்துவிட்டால் விழுந்ததுதான். மேலே கறுப்பு அடித்து மறைக்க முடியாது. மறுபடியும் முதலிலிருந்து.

அப்படியானால் அந்தப் படத்தில் பிக்காசோ மட்டும் எப்படித் தெளிவாகத் தெரிகிறார்? அதுதான் மிலியின் ஃபிளாஷ். ஷட்டர் திறந்தே இருக்கும்போது ஒரே ஒரு தடவை ஃபிளாஷ் மின்னும். அந்தக் கணத்தில் ஆள் எப்படி நின்றாரோ அப்படியே உறைந்து பதிவார். மற்ற நேரம் முழுக்க விளக்கின் கோடு மட்டும் சேர்ந்துகொண்டே போகும். ஃபிளாஷை இரண்டு தடவை அடித்தால் இரண்டு பிக்காசோ வந்துவிடுவார்! எந்தக் கணத்தில் அடிப்பது, எந்தப் பக்கமிருந்து அடிப்பது, எவ்வளவு வெளிச்சம், பின்னாலிருக்கும் சாமான்கள் எவ்வளவு தெரியலாம் என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்யணும். ஃபிலிமைக் கழுவிப் பார்க்கும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. வரைந்த பிக்காசோவே, தான் வரைந்ததை வரையும்போது பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கையின் ஞாபகம்தான்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மிலி ஒரு கேமரா வைக்கவில்லை, இரண்டு வைத்தார். ஒன்று நேர் எதிரே, இன்னொன்று பக்கவாட்டில். காகிதத்தில் வரைந்தால் படம் தட்டையாக இருக்கும். காற்றில் வரையும்போது கை முன்னும் பின்னும் போகிறது. நேரே பார்த்தால் அழகான காளை. பக்கவாட்டில் பார்த்தால் அது ஒரு கம்பிச் சிக்கலாகக்கூட இருக்கலாம். வரைகிறவருக்கு ஒரு முகம் தெரிந்தால் போதும். இன்ஜினியரிங் டிராயிங் படித்த ஆளுக்குத்தான் பக்கவாட்டுத் தோற்றமும் வேண்டும் என்று தோன்றும். மிலி இந்தப் படங்களை வைத்து 1970-ல் ஒரு புத்தகம் போட்டார். அதன் பேரே 'பிக்காசோவின் மூன்றாவது பரிமாணம்' என்று வரும். பின்பெஞ்சு நண்பரே, போதுமா?

இந்தக் கலைக்கு மிலி பிள்ளையார் சுழி போட்டார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு முன்னாலேயே வேறு ஆட்கள் இருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் முதலில் செய்தவர்கள் யாரும் ஓவியம் வரையணும் என்று செய்யவில்லை. 1889-ல் பாரிசில் எட்டியென்-ஜூல் மாரே, ஜார்ஜ் டெமெனி என்ற இருவர் மனிதன் எப்படி நடக்கிறான் என்று ஆராய்ச்சி செய்தார்கள். உடம்பின் மூட்டுகளில் சின்ன பல்புகளைக் கட்டி இருட்டில் நடக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். நோயால் நடை மாறியவரின் கோடு எப்படி ஆடுகிறது என்பதைப் பார்ப்பதற்காக! நமக்குத் தெரிந்து முதல் ஒளி ஓவியம் அதுதான் என்கிறார்கள்.

அடுத்து அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற கணவன் மனைவி. ஃபிராங்க் கொத்தனார் வேலை பார்த்தவர். ஒரு செங்கல்லை எடுத்து வைக்க 18 அசைவுகள் தேவைப்பட்டதை ஐந்து அளவுக்குக் குறைத்துக் காட்டியவர். வேலை செய்கிறவர்களின் விரலில் விளக்கு மாட்டி, கை எங்கெல்லாம் வீணாக அலைகிறது என்று 1914 வாக்கில் இருவரும் படம் எடுத்தார்கள். விளக்கை விட்டு விட்டு எரியும்படி செய்துவிட்டால் கோடு புள்ளி புள்ளியாக விழும். புள்ளிகளை எண்ணினால் எவ்வளவு நேரம் என்று தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்துக் கம்பியை வளைத்து மாதிரியும் செய்தார்கள். (ஊரில் கொத்தனார்கள் வேலை செய்யும்போது இனிமேல் கையைக் கவனித்துப் பாருங்கள். நல்ல கொத்தனாரின் கை வீணாக எங்கும் போகாது.)

1935-ல்தான் ஒரு கலைஞர் இதை விளையாட்டாகக் கையில் எடுத்தார். அவர் பேர் மான் ரே. கேமரா முன்னால் தானே நின்றுகொண்டு பேனா டார்ச்சால் காற்றில் கிறுக்கினார். பார்த்தவர்கள் எல்லாம் சும்மா கிறுக்கல் என்றே 74 வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2009-ல் எலன் கேரி என்ற புகைப்படக் கலைஞர் அந்தப் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தார். கிறுக்கலுக்குள் மான் ரேயின் கையெழுத்து! ஏன் கண்ணாடி தேவைப்பட்டது என்றால், நாம் கேமராவைப் பார்த்து நின்று இடமிருந்து வலமாக எழுதினால், எதிரே இருக்கும் கேமராவுக்கு அது வலமிருந்து இடமாகத் தெரியும். ஆம்புலன்ஸ் வண்டியின் முன்னால் எழுத்துகளைத் திருப்பிப் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி.

தெரியாமலே ஒளி ஓவியம் வரைந்தவர்களும் உண்டு. இரண்டாம் உலகப்போர் நேரம், 1943 மார்ச் மாதம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சான்டா ஃபே ரயில்வே யார்டை ஜாக் டெலானோ என்பவர் ராத்திரியில் படம் எடுத்தார். ரயில் இன்ஜின்களின் விளக்குகள் தடித்த கோடுகளாகவும், தண்டவாளம் மாற்றுகிற தொழிலாளிகளின் கைவிளக்குகள் மெல்லிய கோடுகளாகவும் படம் முழுக்க ஓடுகின்றன. அந்தத் தொழிலாளிகளில் ஒருவர் முகமும் தெரியாது. அவர்கள் அன்றைக்குப் பார்த்த வேலை மட்டும் தெரிகிறது.

மிலிக்கே திரும்புவோம். 1952-ல் வயலின் மேதை யாஷா ஹைஃபெட்ஸ் அவருடைய ஸ்டுடியோவுக்கு வந்தார். மிலி வயலின் வில்லில் ஒரு விளக்கைக் கட்டினார், அறையை இருட்டாக்கினார், வாசியுங்கள் என்றார். வில் போய்வந்த பாதை படத்தில் விழுந்தது. சத்தத்தைப் படம் எடுக்க முடியாது. ஆனால் சத்தத்தை உண்டாக்கிய கையை எடுக்கலாம் அல்லவா! பிக்காசோ படத்தைவிட இதுதான் உசத்தி என்பது என் கட்சி. பிக்காசோ தான் வரைகிறோம் என்று தெரிந்து வரைந்தார். ஹைஃபெட்ஸ் வயலின் மட்டும்தான் வாசித்தார். அதற்குள் ஒரு படம் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவர் மிலி. இசைமேல் அவருக்கு ஆசை அதிகம். 1944-ல் ஜாஸ் இசைக்காரர்களை வைத்து 'ஜாமின் தி புளூஸ்' என்று ஒரு குறும்படமே இயக்கினார். அது ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரையானது.

ஒளிக் கோட்டில் இன்னொரு ரகசியம் இருக்கிறது. நம் இயற்பியல் கண்ணோடு பாருங்கள். கை மெதுவாகப் போன இடத்தில் விளக்கு அதிக நேரம் இருக்கிறது, அதனால் அங்கே கோடு பிரகாசமாகவும் தடிப்பாகவும் விழும். வேகமாகப் போன இடத்தில் மெலிந்துவிடும். வேகம் பாதியானால் அந்த இடத்தில் சேருகிற ஒளி இரண்டு மடங்கு. ஆகவே அந்தக் கோடு படமாகவும் இருக்கிறது, வேகத்தின் வரைபடமாகவும் இருக்கிறது. வரைந்தவர் எங்கே தயங்கினார் என்பதை மறைக்கவே முடியாது.

இதிலிருந்து ஒரு சந்தேகம் வரும். ஷட்டரை 10 நொடி திறந்ததற்குப் பதில் 30 நொடி திறந்தால் கோடு மூன்று மடங்கு பிரகாசமாகுமா? ஆகாது. கோடு ஓர் இடத்தில் எவ்வளவு பிரகாசமாக விழும் என்பது விளக்கின் சக்தி, கையின் வேகம், லென்ஸ் துளையின் அளவு, ஃபிலிமின் உணர்திறன் இவற்றைப் பொறுத்தது. விளக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போன பிறகு எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் அங்கே ஒன்றும் சேராது. ஆனால் பின்னாலிருக்கும் சுவர், மரம், வானம் எல்லாம் அசையாமல் நிற்பதால் நேரம் ஆக ஆக வெளுத்துக்கொண்டே வரும். நேரத்தைப் பார்த்துப் பின்னணி, துளையைப் பார்த்துக் கோடு. இந்த இரண்டு குழாய்களையும் தனித்தனியாகத் திருகத் தெரிந்தால் பாதி வித்தை வந்தாச்சு. விளக்கு கம்பெனியில் பத்து வருஷம் மிலி வீணாக்கவில்லை என்று தோன்றுகிறது இல்லையா?

மிலிக்குப் பிறகு வந்தவர்களில் ஒருவரை மட்டும் சொல்கிறேன், நம்ம மத்தாப்புக்காக. 1970-களின் கடைசியில் எரிக் ஸ்டாலர் என்பவர் நியூயார்க் தெருக்களில் ராத்திரி நேரத்தில் கேமராவை நிறுத்திவிட்டு, துடைப்பக் கட்டையின் நுனியில் மத்தாப்பைக் கட்டிச் சுற்றிக்கொண்டே நடந்தார். படத்தில் தெரு நடுவே ஒளியால் செய்த சுரங்கப்பாதை நிற்கிறது. நாம் வருஷா வருஷம் வாசலில் செய்கிற அதே வேலைதான்.

இப்போது நாமும் செய்து பார்க்கலாம். பெரிய கேமரா வேண்டாம். பல செல்போன்களில் 'ப்ரோ' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் ஷட்டர் நேரத்தை 10 நொடி என்றும், ஐ.எஸ்.ஓ.வை 100 என்றும் வைக்கணும். 'நைட் மோடு' இதற்கு அவ்வளவாகச் சரிவராது. அது பல சின்னப் படங்களை எடுத்து ஒட்டுவதால் கோடு துண்டு துண்டாகிவிடலாம். போனைக் கையில் பிடிக்கவே கூடாது. நான்கு புத்தகங்களை அடுக்கிச் சாய்த்து வைத்தால் போதும். பட்டனைத் தொடும்போது ஆடும் என்பதால் 3 நொடி டைமர் போடுங்கள். இடத்துக்குக் கவலையே இல்லை, இயற்பியல் ஆய்வகத்தில் இருட்டறை இருக்கிறது (ஆசிரியரிடம் அனுமதி கேட்டுவிட்டு!). வரைகிறவர் கறுப்பு அல்லது அடர் நிறச் சட்டை போடணும். டார்ச்சின் முகம் எப்போதும் கேமராவைப் பார்க்கணும். வெளிச்சம் ஜாஸ்தியாக இருந்தால் கண்ணாடி மேல் கலர் ஜிகினாத் தாளை ஒட்டிக்கொள்ளலாம், நிறமும் கிடைக்கும். எழுத்துக்கு எழுத்து இடைவெளி வேண்டுமென்றால் விளக்கை உள்ளங்கையால் மூடி நகர்த்தித் திறக்கணும். தமிழில் பேர் எழுதுகிறவர்களுக்கு ஒரு கஷ்டம், 'கொ' 'கோ' எல்லாம் மூன்று துண்டு. 'ட' 'ப' எழுத்துக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

லேசர் லைட் மட்டும் வேண்டாம். கண்ணுக்கும் ஆபத்து, கேமராவின் சென்சாரும் போய்விடும். பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைக் கொளுத்திச் சுற்றிப் படம் எடுக்கிறவர்களும் உண்டு. அது மாவளிக்குத் தம்பி முறை. பொறி பறக்கும் என்பதால் பெரியவர்கள் இல்லாமல், கூரை வீடோ காய்ந்த புல்லோ இருக்கும் பக்கத்தில் அதைத் தொடவே கூடாது.

முதல் தடவை பெரும்பாலும் ஒரு கோணல் கயிறுதான் கிடைக்கும். உள்ளே வரைகிறவர், வெளியே ஷட்டர் பார்க்கிறவர் என்று இரண்டு பேராகச் சேர்ந்தால் சுலபம். நீங்கள் எடுத்த படத்தைப் பிரின்ட் போட்டு அறிவியல் மன்றப் பெட்டியில் போடுங்கள். இந்தச் சார்ட்டின் கீழ்ப்பக்கம் ஆறு படம் ஒட்டுகிற அளவுக்குக் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறோம். படத்துக்குக் கீழே இரண்டு பேர் பேரையும் எழுதணும், வரைந்தவர் ஒருவர், எடுத்தவர் ஒருவர்.

— 11-ஆம் வகுப்பு, 'அ' பிரிவு